முகம் தானாக வரட்டும்

(ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் ஒளிப்படக் கலைஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். முகங்களைப் படம் எடுப்பதே என் தொழில். குழுப் படத்துக்கும் அடையாள அட்டைக்கும் உங்கள் பள்ளிகளுக்கு வந்து போகிறவன். இப்போது நீங்களே கைபேசியில் மாணவர் படங்களை எடுத்துப் பதிவேற்றுகிறீர்கள். அதனால் இந்தத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் உங்களுக்கு நன்கு தெரிந்த முகம் ஒன்று. பாரதியார் என்றதும் முண்டாசும் முறுக்கு மீசையும் நினைவுக்கு வருகின்றன. அந்த உருவம் நம் மனத்தில் பதிய ஓவியர் ஆர்யா என்ற பாஷ்யம் வரைந்த ஓவியம் பெரிய காரணம். பாரதியாரின் ஒளிப்படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை 5 மட்டுமே. 1918 இறுதியில் சிறையிலிருந்து வெளிவந்த அவர், செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்து ஏறத்தாழ 2 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த நாட்களில், 1919-இல் காரைக்குடி சென்றபோது எடுத்த படத்தைப் பாருங்கள். தாடி வளர்ந்திருக்கிறது, கையில் கோல் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 36தான். முகமோ அதைவிட மூத்துத் தெரிகிறது.

ஓவியம் நமக்கு ஒரு வீரக் கவிஞரைத் தந்தது. இந்த ஒளிப்படம் பட்ட பாட்டை மறைக்காத ஒரு மனிதரைத் தருகிறது. அழகுபடுத்துகிறேன் என்று யாராவது அந்தக் கன்னங்களை நிரப்பியிருந்தால் அந்தச் சாட்சி நமக்குக் கிடைத்திருக்காது. உள்ளதை உள்ளபடி காட்டுவதே முகப்படத்தின் முதல் கடமை என்று நான் நம்புவது இதனால்தான்.

இரண்டாவது கடமை காத்திருப்பது. காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்யும் பெரியவர் ஒருவரைப் படம் எடுக்கப் போனேன். சலவை வேட்டி கட்டி, கைகளை முழங்காலில் ஊன்றி, மூச்சை அடக்கி உட்கார்ந்தார். நானும் இரண்டு படம் எடுத்தேன். "எடுத்தாச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டு, எழுந்து போய்ப் பாதியில் விட்ட பானையைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். அந்த ஓசையைக் கேட்கும் முகம் வந்தது பாருங்கள், அதுதான் அவர். அந்தப் படத்தைத்தான் அவர் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். "சிரி" என்று சொன்னால் பல்தான் தெரியும். பேச்சுக் கொடுத்துக் காத்திருந்தால் முகம் தானாக வரும்.

மூன்றாவது, நிறம். ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்தார். "அண்ணாச்சி, பிள்ளைய கொஞ்சம் வெளுப்பாக்கித் தாங்க" என்றார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அந்த ஒரு சொல் படத்தைவிட நீண்ட காலம் அதன் மனத்தில் நிற்கும். சன்னலோரம் உட்கார வைத்து, முகத்துக்கு ஏற்ப ஒளியை அளந்து எடுத்துக் காட்டினேன். தாய் அதன்பிறகு வெளுப்பைப் பற்றிப் பேசவில்லை.

கருத்த முகம் படத்தில் இருண்டு போவதற்கு முகம் காரணமல்ல. கேமரா, தான் காணும் காட்சி முழுவதையும் சராசரி ஆக்கிப் பார்க்கிறது. வெள்ளைச் சுவரும் வெள்ளைச் சட்டையும் சட்டத்தை நிறைத்தால், ஒளி மிகுதி என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடுகிறது. அதில் முகம் இருண்டுவிடுகிறது. பிலிம் காலத்திலும் இதே கதைதான். படம் அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. அளவுகோல் அவருக்காக வைத்தது. பிழை நம் பிள்ளைகள்மேல் விழுந்தது.

இனி நீங்கள் செய்யக்கூடியவை:

வெயிலில் நிறுத்தாதீர்கள். தாழ்வாரத்திலோ சன்னலோரத்திலோ வெளிச்சத்தைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சுவர் கட்டாயம் இல்லாதபோது வெளிர்நீலமோ சாம்பல் நிறமோ பின்னணியாக இருக்கட்டும்.

5 அடி தள்ளி நின்று, படத்தைச் சற்றுப் பெரிதாக்கி எடுங்கள். மிக அருகில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும்.

பிள்ளையின் கண் உயரத்துக்கு நீங்கள் குனியுங்கள்.

திரையில் முகத்தைத் தொட்டு ஒளியைச் சரிசெய்யுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

பெயர் சொல்லி அழையுங்கள். "அடுத்த ஆள்" என்றால் முகம் இறுகிவிடும்.

அடையாள அட்டையை ஆண்டு முழுவதும் பிள்ளை கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறது. ஆகவே எடுத்த படத்தை முதலில் அந்தப் பிள்ளையிடம் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று எடுங்கள், அரை நிமிடம்தான் ஆகும். "இது நான்தான் டீச்சர்" என்று முகம் மலர்ந்தால், அதைப் பதிவேற்றுங்கள்.