ஒரு கொயதாவுக்கு எத்தனை கைகள்?
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மராட்டிய மண்ணில் இரண்டு தலைமுறை கழித்துவிட்ட பிறகும், "அவர்கள் பழக்கம் வேறு, நம் பழக்கம் வேறு" என்றே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர்களும் சும்மா இருந்தார்களா? 1966க்குப் பிறகு நம் லுங்கியையும் பேச்சையும் தெருவுக்குத் தெரு கேலி செய்தவர்கள் உண்டு. அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் எதை வேற்றுமை என்கிறோம்? அவர்கள் பாக்ரி தின்கிறார்கள் என்கிறோம். பாக்ரி என்ன? சோளம்! கோவில்பட்டிக் கரிசலில் நம் பாட்டிமார் கஞ்சியாகக் காய்ச்சிய அதே சோளம். அரிசிச் சோறு நம்மில் பலர் வீட்டில் பண்டிகைக்கு மட்டுமே பொங்கியது என்பதை வசதியாக மறந்துவிட்டோம். அண்ணா என்றால் அவர்களுக்கும் அண்ணன்தான். அக்கா என்றால் அக்காதான்.

இங்கே பிறந்த நம் பிள்ளைகள், "ஊரிலேயே நிம்மதியாக இருந்திருக்கலாமே" என்கிறார்கள். கமலையை அவர்கள் சினிமாவில் பார்த்திருப்பார்கள். பின்னணியில் பாட்டு ஒலித்திருக்கும். விடியுமுன் மாட்டைப் பூட்டி, சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் உட்கார்ந்து, மாட்டைப் பின்னுக்கு ஏற்றி, மறுபடி இறங்கி, வெயில் ஏறும்வரை இறைத்தவனைக் கேட்டுப் பாருங்கள். அத்தனையும் யாருடைய வயலுக்கு? கீழத்தஞ்சையில் பண்ணையாள் சாணிப்பால் குடித்தான், சவுக்கடி பட்டான். 1952இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வந்த பிறகும், 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இதுவா நிம்மதி?

அந்தக் கதை முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். நம் டீயில் கலக்கும் சர்க்கரையில் அது இன்னும் இருக்கிறது. மழை கண்ட பருவம் போனதும், பீட் மாவட்டத்தின் வறண்ட ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மேற்கு மராட்டியத்துக்குக் கரும்பு வெட்டப் புறப்படுகிறார்கள். முகாதம் என்ற தரகர் முன்பணம் கொடுத்துப் பிடிக்கிறார். நம் தாத்தாக்களை மலேயா தோட்டங்களுக்கு ஓட்டிச் சென்ற கங்காணிக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? தலைப்பாகைதான்! வெட்டிக் கட்டிய கரும்பு எடைக்கு எடை கடனில் கழிகிறது. ஒரு நாள் படுத்தால் தண்டம் விழுகிறது. ஆகவே மாதவிலக்கு நாளிலும் பெண்கள் வெட்டுகிறார்கள். இளம் பெண்கள் பலர் கருப்பையையே அகற்றிக்கொண்ட செய்தி 2019இல் வெளியாகி, அரசு குழு அமைக்கவேண்டி வந்தது.

கொயதா என்றால் அரிவாள். கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்கில் ஒரு கொயதா! அவன் வெட்டுகிறான், அவள் கட்டுகிறாள், தலைச்சுமையாக வண்டிக்கு ஏற்றுகிறாள், பிறகு அடுப்பும் மூட்டுகிறாள். முன்பணம் வாங்குவதோ அவன் கை. ஆள் இரண்டு, பெயர் ஒன்று. நம்மூர்ப் பண்ணையில் பண்ணையாளின் மனைவி உழைத்ததும் இப்படித்தான் கணக்கில் ஏறாமல் போனது.

ஆகவே, மராட்டியத் தோழர்களின் சங்கங்களோடு சேர்ந்து, கரும்பு வெட்டும் பெண்ணின் பெயரைத் தனியாகப் பதிந்து, அவள் கூலியை அவள் கையில் கொடுக்கவேண்டும் என்று அரசைக் கேட்கும் தீர்மானத்தை முன்மொழிகிறோம். தமிழிலும் மராத்தியிலும் எழுதியிருக்கிறோம். தாய்மார்கள் முதலில் கையெழுத்திடட்டும்.