எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு முற்றம்
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விளையாட்டு என்றதும், அது சிறுபிள்ளைகளின் காரியம், சங்க மேடையில் அதற்கென்ன இடம் என்று நம்மிற் சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பத்துப் பருவங்களை வகுத்தபோது சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவற்றை ஆண்பாற் பிள்ளைக்கும், அம்மானை, ஊசல் என்பவற்றைப் பெண்பாற் பிள்ளைக்கும் உரியனவாக வைத்தனர். தெய்வத்தையே பிள்ளையாகப் பாவித்துப் பாடும்போதும் அவர்கள் விளையாட்டை விலக்கவில்லை. ஊரிலே வளர்ந்தவர்களுக்குக் கிளித்தட்டு மறிக்கக் கோயில் வீதி இருந்தது; எட்டுக்கோடு கீற முற்றம் இருந்தது. கொழும்பிலே தொடர்மாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு முற்றம் ஏது? பொது விளையாட்டிடமே அதற்கு முற்றம்.

இப்பொருளைப் பற்றி நாம் இன்று பேச வந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற ஆண்டு எமது சங்கத்துப் பிள்ளைகளை நகரத்துப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். அவர்களுள் ஒருவன் சக்கர நாற்காலியிற் செல்பவன். பூங்கா வாயிலிலே மோட்டார் சைக்கிள்கள் நுழையாதிருக்க இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தனர். நாற்காலியும் நுழையவில்லை. பிள்ளையை ஒருவர் தூக்க, நாற்காலியை இருவர் தூக்க, ஒருவாறு உள்ளே சென்றோம். உள்ளேயோ ஊஞ்சலையும் சறுக்கையும் சுற்றி ஆழமான மணல். சக்கரம் புதைந்தது. கடைசியில் அவனை ஒரு மரநிழலில் இருத்தி, மற்றப் பிள்ளைகளின் செருப்புக்களுக்குக் காவல் வைத்தோம். திரும்பும்போது, "தம்பி, பொழுது எப்படிப் போயிற்று?" என்று கேட்டோம். யார் யார் எத்தனை முறை சறுக்கினார்கள் என்று ஒருவர் விடாமல் அவன் எண்ணிச் சொன்னான். எமக்கு வாய் எழவில்லை.

அன்பர்களே, குற்றம் பூங்காவை அமைத்தவர்களுடையது மட்டுமன்று. எங்கே போகிறோம், அங்கே அவனுக்கு என்ன உண்டு என்று முன்கூட்டிச் சென்று பாராதது எமது குற்றம். நல்ல விளையாட்டிடத்தைத் தேடிக் கண்டறிவதும் ஒரு தொண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

கொழும்பிலே இடம் இல்லாமலில்லை. காலிமுகத்திடலை எடுத்துக்கொள்வோம். அதன் கடலோர நடைபாதையை 1859ஆம் ஆண்டிலே நிறைவேற்றிய ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக் கல்லிலே பொறித்து வைத்தார். இன்றும் அங்கே பட்டம் விடாத பிள்ளையும் இறால் வடை தின்னாத பிள்ளையும் அரிது. தரை மட்டமானது, காசு கேட்பாரில்லை. ஆனால் நண்பகலிலே ஒதுங்க நிழல் குறைவு. நகர மண்டபத்துக்கு எதிரே, முன்னர் விக்ரோறியாப் பூங்கா எனப்பட்ட விகாரமகாதேவிப் பூங்காவில் முதுமரங்களின் நிழல் நிறைய உண்டு. பத்தரமுல்லையில் நீரோரத்திலே தியத்த உயன உண்டு. கோட்டேப் பகுதியிற் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் பறவை பார்த்துக்கொண்டே நடக்கலாம். 2018ஆம் ஆண்டிலே உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என ஏற்கப்பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றென்பது நமக்குப் பெருமை.

எனினும் பெரிய பூங்கா தூரத்தில் இருந்தால், இரண்டு பஸ் மாறிக் கைக்குழந்தையுடன் வரவேண்டிய தாய்க்கு அது இல்லாததற்குச் சமம். கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கைகளில் வளரும் பிள்ளை ஞாயிறுதோறும் காலிமுகத்திடலுக்கு வர இயலுமா? ஆகவே பெரிய பூங்கா சிலவும் வேண்டும். நடந்து செல்லும் தூரத்திலே சிறிய இடங்கள் பலவும் வேண்டும்.

இது கனவன்று. இரண்டாம் உலக மகாயுத்தத்தால் நலிந்திருந்த ஒல்லாந்து தேசத்து அம்ஸ்ரடாம் நகரம் இதனைச் செய்து காட்டியது. 1947ஆம் ஆண்டிலே நகர நிர்வாகத்திற் பணிபுரிந்த அல்டோ வான் ஐக் என்னும் இளங் கட்டடக் கலைஞர் ஒரு சிறு சதுக்கத்திலே மணற்றொட்டி ஒன்று, தாவித் திரியச் சில கற்கள், குட்டிக்கரணம் போடச் சில கம்பிகள், இருக்கைகள் என்பவற்றை மட்டும் அமைத்தார். அதனைக் கண்ட அயற்பகுதி மக்கள், எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டுமென நகரசபைக்குக் கடிதம் எழுதினர். வெறுமையாய்க் கிடந்த மூலைகளும், வீடு இடிந்த வளவுகளும் விளையாட்டிடங்களாயின. 1978ஆம் ஆண்டளவில் அவற்றின் தொகை 700க்கும் மேற்பட்டது. இன்று அவற்றுட் பல மறைந்துவிட்டன. ஆயினும் பெரும் பணமின்றி, சிறு நிலத்திலே, மக்கள் கேட்டதனால் அவை எழுந்தன என்னும் பாடம் மறையவில்லை.

இலண்டனிலே அலன் சீமாட்டியார் இன்னுமொரு படி சென்றார். உடற்குறையுள்ள பிள்ளைகளும் ஏறவும் குதிக்கவும் மண்ணளையவும் ஆசைப்படுவர் என்று வாதாடி, அவர்களுக்கென ஒரு விளையாட்டிடத்தை 1970ஆம் ஆண்டிலே செல்சியிற் திறக்கச் செய்தார். அப்பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வைப்பதே அன்பு என்று எண்ணியோருக்கு அது நல்ல விடையாயிற்று.

நமது நாட்டிலும் இது இரந்து கேட்கும் சலுகையன்று, உரிமை. பிள்ளைகளுக்கு விளையாட உரிமை உண்டென்று கூறும் 1989ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1991இல் ஏற்றது. வலுக்குறைந்தோர் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பொது இடங்களுக்கு அவர்கள் தடையின்றிச் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஏட்டிலே உள்ளது வாயிலிலே வரவேண்டும், அவ்வளவே குறை.

வாலிப அன்பர்களே, இங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. இருவர் இருவராகச் சேர்ந்து, ஒரு கொப்பியும் ஓர் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு, ஞாயிறு மாலையில் ஒவ்வோர் இடமாகச் செல்லுங்கள். ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

முதலாவது, வழி. பஸ் தரிப்பிடத்திலிருந்து எவ்வளவு தூரம்? பெருவீதியைக் கடக்கப் பாதசாரிக் கடவை உண்டா?

இரண்டாவது, வாயில். மூன்றடி அகலமாவது உண்டா? படி இருந்தால் அருகே சரிவுப் பாதை உண்டா? ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டடி நீளமாவது இல்லாத சரிவிலே நாற்காலியை ஏற்றுவது கடினம்.

மூன்றாவது, தரை. சக்கரம் புதையுமா? விழுந்தால் அடிபடாத மென்மை உண்டா?

நான்காவது, விளையாட்டு. முதுகு சாய்க்கும் ஊஞ்சல் உண்டா? நாற்காலியில் இருந்தவாறே கைபோட்டு அளைய உயர்த்தி வைத்த மணற்றொட்டி உண்டா? கண் தெரியாத பிள்ளை தட்டி ஒலியெழுப்ப ஏதேனும் உண்டா?

ஐந்தாவது, ஆறுதல். நிழல், தண்ணீர், மலகூடம், பாட்டியும் பாட்டனும் இருந்து பார்க்க ஓர் இருக்கை. நண்பகல் வெயிலில் இரும்புச் சறுக்கிலே ஒருமுறை கையை வைத்துப் பார்த்தால் நிழலின் அருமை விளங்கும்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கொண்டுவரும் குறிப்புக்களை ஒழுங்காக எழுதி உரிய நகரசபைக்கு அனுப்ப உங்கள் அனுபவம் வேண்டும். குறையை மட்டும் எழுதாது, எந்தக் கம்பத்தை அகற்றினால் வழி பிறக்கும் என்பதையும் எழுதுவோம். நல்ல இடத்தைக் கண்டால் நன்றி கூறியும் எழுதுவோம். அக்குறிப்புக்களைத் திரட்டி, அடுத்த ஆண்டு மலரிலே வெளியிட எண்ணியுள்ளோம். ஒரு தாய் அதனைப் பார்த்து, என் பிள்ளையை இங்கே நம்பிக் கொண்டுபோகலாம் என்று துணிந்தால் அதுவே எமக்குப் போதும்.

முதற் குழு வரும் மாதம் புறப்படுகிறது. அன்று செருப்புக்குக் காவலிருந்த அந்தத் தம்பியே அதன் தலைவன். எண்ணுவதில் அவன் வல்லவன் என்பதை முன்னமே கண்டோம். இம்முறை அவன் எண்ணப்போவது தான் சறுக்கிய முறைகளையாக இருக்கட்டும்.