நஷ்டஈடு பிச்சையல்ல

(திண்டுக்கல் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நம் ஊர்த் தோல் ஷாப்புகளின் கழிவுநீரால் கிணறுகள் கெட்ட கதையை உங்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் 13 கிராமங்களை ஒரு சங்கத்தார் சோதித்ததில், 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டதாக 1996-ம் வருஷத்து சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே கண்டிருக்கின்றது. பெண்டு பிள்ளைகள் குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடந்ததும் அதில் கண்டிருக்கின்றது.

இதற்கு நம்மவர்கள் சொன்ன சமாதானம் என்ன? தலையெழுத்து என்றார்கள், முன் ஜன்மத்துப் பாவம் என்றார்கள். 350 கிணறுகளும் ஒன்றாகக் கூடி முன் ஜன்மத்தில் பாவம் செய்தனவா என்று கேட்கின்றோம். தோல் ஊறிய உப்பையும் குரோமியத்தையும் எந்தப் பிரம்மா எவன் தலையில் எழுதினான்?

கெடுத்தவனே கொடுக்க வேண்டுமென்றது அத்தீர்ப்பு. நஷ்டஈட்டைக் கணக்கிட ஓர் அதிகார சபை அமைக்கச் சொல்லி, கொடாதவனிடம் நிலவரிப் பாக்கியைப் போல் கலெக்டர் வசூலிக்கலாமென்றது. குடியானவன் வீட்டு அண்டாவை ஜப்தி செய்த சட்டம் இங்கே அவன் பக்கம் திரும்பிற்று! எல்லாவற்றிலும் மேலாக, கெடுதியில்லையென்று ருஜுப்பிக்கும் பாரத்தைத் தொழில் நடத்துகிறவன் தலையிலேயே வைத்தது.

இது எவ்வளவு பெரிய காரியமென்பது அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும். நெவாடா வனாந்தரத்தில் 1951 முதல் அந்தச் சர்க்கார் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. விஷத்தூள் காற்றோடு போய்ப் பக்கத்து ஜில்லாக்களில் விழுந்தது. பலருக்குப் புற்றுநோய் கண்டது. "எந்தத் தூள் உன் உடம்பில் புகுந்தது, காட்டு" என்றால் ஏழை எங்கே போவான்? ஆகவே 1990-ல் செய்த சட்டத்தில், குறித்த காலத்தில் குறித்த இடத்தில் வசித்ததையும், குறித்த நோய் வந்ததையும் காட்டினால் போதும், 50,000 டாலர் என்று வைத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் 1945-ல் முதல் குண்டைச் சோதித்த நியூ மெக்சிகோவின் ஜனங்களை அந்த வரம்புக்குள் சேர்க்கவில்லை. 80 வருஷங் கழித்து, 2025-ல்தான் சேர்த்து, தொகையையும் லட்சம் டாலராக்கினார்கள். அதற்குள் செத்தவனுக்கு யார் கொடுப்பது?

இங்கும் அப்படியே. நிலத்தை அளந்து மட்டும் நஷ்டஈடு கொடுத்தால் பட்டாதாரனுக்குக் கிடைக்கும். அதே தண்ணீரைக் குடித்த கூலியாளுக்கு என்ன? தோல் குழியில் நின்று காலைப் புண்ணாக்கிக்கொண்ட தொழிலாளிக்கு என்ன? அவன் தொண்டைக்குப் பட்டா இல்லையென்பதா?

ஆகவே தோழர்களே, நஷ்டஈட்டைக் கைகட்டி நின்று யாசிக்காதீர்கள். அது தர்மமல்ல; நமக்கு வரவேண்டிய கடன். வைத்தியர் சீட்டையும், தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு நமக்காகச் சாட்சி சொல்லப் போவது அவைகளேயன்றி, பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் ஜாதகமல்ல.