அம்மாவும் அப்பாவும் ஒன்றுபோல

(சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டத்தில், வெள்ளவத்தையில், பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



முதலில் ஒரு சின்ன வேலை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, சத்தம் வராமல் 'அம்மா' என்று சொல்லுங்கள். இனி 'அப்பா' என்று சொல்லுங்கள். உதட்டில் வித்தியாசம் தெரிகிறதா? தெரியாது. ம, ப இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலத்தான் மூடித் திறக்கும். 'உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்' என்று நாங்கள் ஒரு பிள்ளைக்குச் சொல்வது இதைத்தான்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தலைக்கனம் என்றோம். ரீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கதைக்கும்போது அவள் என் கொப்பியைப் பார்ப்பாள். நான் கையால் மறைத்துக்கொள்வேன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அவளுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். இந்தத் துறைக்கு நான் வந்ததில் அந்தக் கொப்பிக்கும் பங்குண்டு.

காது கேட்கும் கருவி மூக்குக்கண்ணாடி போன்றதல்ல. காலி வீதி பஸ் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். போட்டவுடன் எல்லாம் சரி என்று நினைக்கிற பெற்றோரை நிறையக் கண்டிருக்கிறேன்.

கொழும்பில் தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். 1912இல் மேரி சாப்மன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் இருக்கிறது. வெள்ளவத்தையில் ரெயில் ஏறினால் மூன்றாவது ஸ்ரேஷன். ஆனால் அங்கே வகுப்பறை மொழி சிங்களம். தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956இல் தொடங்கிய நஃபீல்ட் பாடசாலையோ யாழ்ப்பாணத்தில், கைதடியில். கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் என்ன செய்வாள்? பக்கத்தில் விட்டால் பிள்ளை எழுதிக் காட்டுவதை அம்மம்மாவால் வாசிக்க முடியாது. தூரத்தில் விட்டால் பிள்ளை விடுதியில். இரண்டும் வேண்டாமென்று வீட்டிலேயே வைத்திருப்பவர்களும் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

இந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் வழித்துணையாவோம் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. சந்தோஷம். ஆனால், கோபிக்காதீர்கள், முதல் வழித்துணை நாங்கள் அல்ல. காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். தங்களைப்போன்ற ஒரு பெரியவரைக் காணாமலே வளர்கிறார்கள். ஒரு சிறுமி என்னிடம் சைகையில் கேட்டாள்: "நான் பெரியவளானதும் எனக்குக் காது கேட்குமா?" அவள் பார்த்த பெரியவர்கள் எல்லோருக்கும் கேட்டது. பிறகென்ன நினைப்பாள்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் காது கேளாத பெரியவர்கள் குழந்தைகளின் வீடுகளுக்கே போய், முழுக் குடும்பத்துக்கும் சைகை மொழி பழக்கினார்கள். அந்தக் குழந்தைகளின் மொழி, அத்துணை கிடைக்காதவர்களின் மொழியைவிட வேகமாக வளர்ந்ததாக 1998இல் வெளியான ஆய்வு காட்டியது.

எங்களுக்குள்ள வேலை வேறு. தையல், அச்சகம், கணினி என்று உழைத்து வாழும் காது கேளாத பெண்கள் இந்த நகரில் இருக்கிறார்கள். அவர்களை அழைப்போம். பஸ் காசு மட்டும் கொடுத்து அனுப்பாமல், ரீச்சருக்குரிய சம்பளம் கொடுப்போம். இலண்டன், ரொறன்ரோ, சிட்னி சகோதரிகள் அந்தப் பொறுப்பை எடுக்கலாம். இங்கிருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் மண்டபத்தைத் திறந்து, தேத்தண்ணி வைத்து, தாய்மாரோடு வாங்கில் உட்கார்ந்து சைகை பழகுவோம். விரல்கள் முதலில் மடங்காது. எனக்கும் மடங்கவில்லை.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பெயரோடு, எந்தச் சனிக்கிழமை வருவீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.