காமிரா வாங்குவோர் கவனத்திற்கு
(கரக்பூர் ரயில்வே காலனியில் நம் சங்கத்தின் திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இந்த மேடையில் இலக்கியம் பேச வல்லார் பலர் உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்துவிட்ட எனக்கு அந்தத் துணிவு இல்லை. ஆயினும் செயலாளர் அவர்கள் விடவில்லை. "பூஜை போனஸ் வந்ததும் காலனியில் நாலைந்து வீட்டார் காமிரா வாங்கப் போகிறார்கள். எங்கே வாங்குவது, கூடுதல் உத்தரவாதத்திற்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்று ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது. சரக்கு அனுப்புவதும் இழப்பீடு கேட்போருக்குப் பதில் சொல்வதும் உமக்குப் பழகிய தொழில் ஆயிற்றே, நீரே பேசும்" என்று கூறிவிட்டார். ஆகவே வந்து நிற்கிறேன்.

கையிலே கைபேசி இருக்கக் காமிரா எதற்கு என்று கேட்பார் உண்டு. வெயிலில் நிற்கும் ஒருவரைப் படமெடுக்கக் கைபேசியே போதும், அதில் ஐயமில்லை. ஆனால் ஆண்டு விழாவில் பின்வரிசையில் அமர்ந்து, மேடையில் ஆடும் குழந்தையின் முகத்தை அந்த விளக்கொளியில் எடுத்துப் பாருங்கள், வேறுபாடு விளங்கும். மேலும் ஒன்று. ஆண்டுக்கு ஒரு தரம் பாஸ் எழுதிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறோம். நம் காலனி வீடுகளில் சுவரில் மாட்டியுள்ள தாத்தா பாட்டியர் படங்களை நான் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியவை. கண் ஒரு புறமும் வாய் ஒரு புறமும் கலங்கியிருக்கும். பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே, கயிற்றுக் கட்டிலிலோ திண்ணையிலோ அவர்கள் இயல்பாக அமர்ந்திருக்கும் தோற்றத்தை எடுத்து வைக்க வேண்டும் என்னும் எண்ணம் ஒரு வீட்டாருக்கு வருமானால், அதை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

நிற்க. எங்கே வாங்குவது?

நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது கல்கத்தா எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமாவை ஒட்டிய சந்து. லோக்கல் வண்டி ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பலாம். பம்பாய் போயிருப்போர் போரா பஜார் என்பர். தில்லியில் பணி செய்து வந்தோர் சாந்தினி சௌக் குச்சா சௌதரி என்பர். விடுப்பில் ஊர் போவோர் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள பர்மா பஜாரைச் சொல்லுவர். இவ்விடங்களில் எல்லாக் கடையும் ஏமாற்றுக் கடை என்று கருதிவிடக் கூடாது. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றுப் பல ஆண்டுகளாக நேர்மையாக வாணிகம் செய்வோரும் அங்கேயே இருக்கின்றனர். அவர்களுக்கு அடுத்த கடையிலேயே, பில் இல்லாமல் விற்பவரும் இருக்கிறார். கடைத்தெருவின் பெயரைக் கேட்டுவிட்டுப் போவதால் பயனில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் பட்டியல் இருக்கும். கடையின் பெயரை அதில் பார்த்துக்கொண்டு புறப்படுக.

பில் இல்லாத சரக்கு ஏன் மலிவு? அரசுக்குச் சேரவேண்டிய வரி அதில் சேரவில்லை. இந்தியாவில் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. இவ்விரண்டின் விலையைத்தான் நமக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது டிஜிட்டல் காமிராவுக்கு வரி 28 விழுக்காடாக இருந்தது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது 18 ஆயிற்று. ஆகவே திருட்டுச் சரக்கில் முன்பிருந்த ஆதாயமும் இப்போது அத்தனை இல்லை. அந்தச் சரக்கைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. வெளிநாட்டிலிருந்து முறையாக வந்த பொருளின் பெட்டிமேல் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவை அச்சிட்ட சீட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அவ்வாறு கூறுகின்றன. சீட்டு இல்லையெனில், கடைக்காரர் எத்தனை இனிமையாகப் பேசினாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காமிராவின் அடிப்பக்கத்து எண்ணும், பெட்டியின் எண்ணும், உத்தரவாத அட்டையின் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நின்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். வேகன் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு இது கடினமன்று.

இணையவழி வாங்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பெரிய தளத்தில் வாங்கினோம் என்கின்றனர். உண்மையில் விற்பவர் அத்தளத்தில் கடை விரித்திருக்கும் யாரோ ஒருவர். விற்பவரின் பெயரையும் முகவரியையும் தளம் காட்டியாக வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் விதி இருக்கிறது. அந்தப் பெயரும் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது நம் வேலை. என் கருத்தைக் கேட்டால், விலை ஆயிரம் ரூபாய் கூடினாலும் நம் ஊரிலேயே அங்கீகாரம் பெற்ற கடை இருக்குமானால் அங்கே வாங்குவேன். நாளைக்கு ஒரு குறை என்றால் சைக்கிளில் போய்க் கேட்கலாம்.

இனி, நம் காலனியில் மிகுதியும் பேசப்படும் செய்திக்கு வருகிறேன். காமிராவுக்குப் பணம் எண்ணிக் கொடுத்த பின், கடைக்காரர் ஒரு தாளை எடுத்து நீட்டுவார். "இன்னும் நாலாயிரம் கொடுங்கள், மேலும் இரண்டு ஆண்டுக்கு உத்தரவாதம்" என்பார். ஐம்பதாயிரம் கொடுத்தவனுக்கு நாலாயிரம் அந்த நேரத்தில் பெரிதாகத் தோன்றாது. அதுவும் போனஸ் பணம் பையில் இருக்கும்போது! நமக்கு 78 நாள் போனஸ் என்று பேர். உச்ச வரம்பு வைத்துக் கணக்கிட்டால் கைக்கு வருவது 17,951 ரூபாய். அதில் நாலாயிரம் என்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு என்பதை வீட்டுக்கு வந்த பிறகே உணர்வோம்.

இதனை நம் தொழிலை வைத்தே விளக்குகிறேன். சரக்கு அனுப்புவோருக்கு இரண்டு வகைக் கட்டணம் உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. ஒன்று ஓனர்ஸ் ரிஸ்க், மற்றொன்று ரயில்வே ரிஸ்க். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்திலும் இவ்விரண்டும் உள்ளன. கட்டணம் குறைவாகக் கட்டியவர், சரக்கு கெட்டால் நம் ஊழியரின் கவனக்குறைவை அவரே மெய்ப்பிக்க வேண்டும். கூடுதலாகக் கட்டியவருக்கு அந்தச் சுமை இல்லை. ஆக, கூடுதல் பணம் கட்டுவதில் தவறில்லை. எந்தப் பொறுப்பு நம் தோளிலிருந்து இறங்குகிறது என்று தெரிந்து கட்ட வேண்டும். கடைக்காரர் நீட்டும் தாளில் இறங்கும் பொறுப்பு எது?

தாளைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலான திட்டங்கள் தயாரிப்புக் குறைக்கு மட்டுமே பொறுப்பேற்கின்றன. கீழே விழுந்தால் இல்லை. தண்ணீர் புகுந்தால் இல்லை. மணல், தூசி, பூஞ்சை என்றால் இல்லை. தீகா கடற்கரையில் பையன் கையிலிருந்து நழுவுவதும், புரட்டாசி மழையில் நனைவதும், அலமாரியில் பூஞ்சை பிடிப்பதுந்தான் குடும்பத்துக் காமிராவுக்கு நேரும் கேடுகள். அவை யாவும் ஓனர்ஸ் ரிஸ்க்! பின் எஞ்சுவது என்ன? மின்னணுப் பொருளில் தயாரிப்புக் குறை இருக்குமானால் அது பெரும்பாலும் முதற் சில மாதங்களிலேயே தலைகாட்டிவிடும். அந்தக் காலத்திற்கு நிறுவனத்தின் சொந்த உத்தரவாதமே இருக்கிறது. அதன் பின் தேய்மானத்தால் கெடுவதற்குப் பல ஆண்டு செல்லும். எளிய வகைக் காமிராவின் ஷட்டரே ஏறக்குறைய ஒரு லட்சம் படத்துக்குத் தாங்கும் என்று கணிக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டாயிரம் படம் எடுக்கும் குடும்பத்துக்கு அது ஐம்பது ஆண்டுக் கணக்கு. கெடுதல் மிகவும் அரிதாக நேரும் இடைக்காலத்தைத்தான் நமக்கு நாலாயிரத்துக்கு விற்கிறார்கள்.

இன்னொரு கோணமும் உண்டு. அது நம்மைப் போன்றோருக்கே உரியது. நமக்கு மாற்றல் வரும். இன்று கரக்பூர், நாளை சக்ரதர்பூர், மறுநாள் எங்கோ. நம் பக்கத்து வரிசைக் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு நண்பர், ஊரில் தங்கை திருமணத்துக்குப் போனபோது அங்கே ஒரு கடையில் காமிரா வாங்கினார். அந்தக் கடையின் திட்டத்துக்கும் பணம் கட்டினார். மூன்றாம் ஆண்டு லென்ஸ் நீட்டி மடங்காமல் நின்றுவிட்டது. கடையில் கேட்டால், பொருளை நேரில் கொண்டுவர வேண்டும் என்றார்கள். கரக்பூரிலிருந்து எப்படிக் கொண்டுபோவது? கூரியரில் அனுப்பினார். இரண்டு மாதம் சென்றது. கடைசியில், தேய்மானம் கழித்து ஒரு சிறு தொகை தருவோம் என்று பதில் வந்தது. அந்தத் தொகை அவர் கட்டியதைவிடக் குறைவு. தாளில் தேய்மானம் பற்றிய வரி இருந்தது உண்மை. அதை அவருக்குக் கடையில் எவரும் படித்துக் காட்டவில்லை. அந்த அம்மையார் இன்றும், "அந்தப் பணத்துக்கு அத்தைக்கு ஒரு புடவை எடுத்திருக்கலாம்" என்கிறார்.

ஆகவே தாளை நீட்டும்போது மூன்று வினாக் கேளுங்கள். பொறுப்பேற்பவர் காமிரா நிறுவனமா, கடையா, பெயர் தெரியாத மூன்றாமவரா? இந்தியா முழுவதும் எந்த நிலையத்திலும் கொடுக்கலாமா? தேய்மானம் கழிப்பார்களா? நிறுவனமே பொறுப்பேற்று, எங்கும் செல்லுபடியாகி, கீழே விழுந்தாலும் பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்தால், காமிராவைத் தொழிலுக்குப் பயன்படுத்துவோர் அதனை வாங்கலாம். திருமணப் படம் எடுப்பவருக்கு ஒரு நாள் காமிரா கெட்டால் ஒரு நாள் பிழைப்பே போகும். வீட்டுக்கு வாங்குவோருக்கு வேண்டியதில்லை என்பதே என் துணிபு. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: சில நிறுவனங்கள், வாங்கிய சில நாளுக்குள் இணையதளத்தில் பதிவு செய்தால் காசின்றியே உத்தரவாதத்தை நீட்டிக் கொடுக்கின்றன. அதைச் செய்யாமல் விட்டுவிட்டுக் காசுக்கு வாங்குவோரை என்னவென்று சொல்வது!

அந்த நாலாயிரத்தை என்ன செய்யலாம் என்றும் கேட்டார்கள். வங்காளத்து மழைக்காலம் காமிராவுக்குப் பகை. காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நின்றால் லென்ஸில் பூஞ்சை படரும். கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றுவிட்டால் பிறகு துடைத்தும் பயனில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம், ஈரம் காட்டும் சிறு கடிகாரம் ஒன்று. எல்லாம் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டாது. பெட்டிக்குள் 40 முதல் 50 விழுக்காடு இருந்தால் போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம். ஆனால் சமையலுக்கு ஆகாத பழைய வாணலியில் செய்யுங்கள், அந்த நீலச் சாயம் உடம்புக்கு ஆகாது. தோல் பையில் மூடி அலமாரியில் துணியோடு வைப்பதைப் போன்ற தீமை வேறில்லை. வாரம் ஒரு முறை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். மிச்சப் பணத்தை அஞ்சலகத்தில் போட்டு வையுங்கள். என்றேனும் பழுது வந்தால் அதுவே உத்தரவாதம், வராவிட்டால் பணம் நம்முடையது.

முறையாக வாங்கியும் ஏமாற்றப்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் போன்றோருக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. சென்னையில் வாங்கியிருந்தாலும் தில்லியில் வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். முதலில் 1915 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லிப் பார்க்கலாம். பல வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடுவதுண்டு.

இத்தனைக்கும் கையில் பில் வேண்டும். இக்காலத்துக் கடைகளில் பலவும் வழவழப்பான வெப்பத்தாளில் பில் கொடுக்கின்றன. ஒரு கோடைக்காலம் அலமாரியில் இருந்தால் எழுத்தெல்லாம் மறைந்து வெறுந்தாளாகிவிடும். அதனால் வாங்கிய அன்றே, வீடு திரும்பும் வழியிலேயே, நிலையத்துக்கு வெளியே உள்ள கடையில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றைச் சேவைப் பதிவேட்டுத் தாள்களோடும் வைத்துக்கொள்ளுங்கள்.