பள்ளியை விட்டபின் எங்கே?

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கோபுரத்தைப் பற்றியும் புதுப் பீடத்தைப் பற்றியும் இந்த விழா நாட்களில் நிறையப் பேசிவிட்டோம். இன்று, ஊனத்தோடு வளர்ந்து பள்ளியை விட்டு வெளியே வரும் நம் பங்குப் பிள்ளைகளைப் பற்றிச் சிறிது பேசுவோம். பள்ளியில் இருக்கும்வரை சீருடை உண்டு, மதிய உணவு உண்டு, கூட விளையாடப் பிள்ளைகள் உண்டு. 18 வயது ஆனதும் திண்ணையில் உட்கார்ந்து விடுகிறான். "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார், சாமி?" என்று தாய்மார்கள் நம்மிடம் கேட்கிறார்கள். அதற்குப் பதிலை அவனுடைய 14 வயதிலேயே தேடத் தொடங்க வேண்டும்.

எரிக்கோவின் வழியோரத்தில் பர்த்திமேயுவை ஆண்டவர் சந்தித்ததை மாற்கு எழுதியிருக்கிறார். அவனுக்குக் கண் தெரியாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆயினும் ஆண்டவர் முதலில் அவனுடைய விருப்பத்தைக் கேட்கிறார். அவனை அதட்டிய கூட்டத்துக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. நம் வீடுகளிலும் தோன்றுவதில்லை. மருத்துவச் சான்றிதழில் 40 விழுக்காடா, 70 விழுக்காடா என்று மட்டுமே பார்க்கிறோம்.

அச்சான்றிதழ் அவசியமே. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடமும், அரசுப் பணியில் 4 விழுக்காடு இடமும் ஒதுக்குகிறது. வாங்காதவர்கள் உடனே வாங்குங்கள். ஆனால் பிள்ளை எதைச் செய்வான், எந்த உதவி இருந்தால் செய்வான், எதற்கு ஆசைப்படுகிறான் என்பதை அந்த எண் சொல்லாது. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சான்றிதழை மட்டும் பார்த்தவர்கள் அவரிடம் இதை எதிர்பார்த்திருப்பார்களா?

ஆகவே நாமே பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஐம்பது ரூபாயைக் கொடுத்து உப்பும் தீப்பெட்டியும் வாங்கி வரச் சொல்லுங்கள். மீதியை எண்ணி வாங்குகிறானா? பேருந்தில் தனியே ஏறி இறங்குகிறானா? வழி தவறினால் யாரிடம் கேட்பான்? பெண்பிள்ளையானாலும் ஆண்பிள்ளையானாலும், தகாத முறையில் தொடுகிறவனை விலக்கவும் வீட்டில் வந்து சொல்லவும் தெரியுமா? வாய் பேசாத பிள்ளையிடம் படங்களைக் காட்டி அதன் விருப்பத்தைக் கேளுங்கள்.

தாயைக் கேட்டால், "அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்பார். வகுப்பில் கரும்பலகையைத் துடைப்பதும் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன்தான் என்பார் ஆசிரியை. இரண்டும் உண்மையே. வீட்டில் சட்டைப் பொத்தானைக்கூட நாமே மாட்டிவிடுகிறோமே!

வேலைக்கான தகுதியைக் காகிதப் பரீட்சையில் காண முடியாது. வேலை நடக்கும் இடத்திலேயே நாலைந்து நாள் விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணிக் கட்டுவதில் பிசகாத பிள்ளை, இயந்திரச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடலாம். விசைத்தறிக் கூடம் அவனுக்கு ஆகாது. நோட்டுப் புத்தகம் அடுக்கும் அமைதியான அறை ஆகும். அமெரிக்காவில், 16 வயதுக்குள் இத்தகைய ஆய்வுடன் பள்ளியே திட்டம் எழுத வேண்டும் என்று 2004இல் திருத்திய சட்டம் கட்டளையிடுகிறது. இங்கே யாராவது வந்து செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. 18 வயதுக்குப் பின் மகனுக்காகப் பெற்றோர் இடும் கையெழுத்து தானாகச் செல்லாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் காப்பாளரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். ஆனால் எல்லாரும் இதற்கு ஓட வேண்டியதில்லை. வங்கிப் படிவம் புரியாதவனுக்கும் யாரோடு பழகலாம், எந்த வேலை பிடிக்கிறது என்பது நன்றாகத் தெரியும். அவனால் முடியாத காரியத்துக்கு மட்டுமே நம் கை போதும்.

விழா மேடையில் இவர்களுக்கு வேட்டி சேலை கொடுத்துப் படம் பிடிப்பதோடு நாம் திருப்தி அடைகிறோம். கடையும் பட்டறையும் அச்சகமும் வைத்திருப்பவர்கள் நம் பங்கில் பலர் உண்டு. ஐந்து நாள் இடம் கொடுங்கள், பார்ப்போம். வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி அறையில் பெயர் எழுதுகிறோம். 14 வயதைத் தாண்டிய பிள்ளை உள்ள பெற்றோர், சான்றிதழோடு பிள்ளையையும் அழைத்து வாருங்கள். கேள்விகளை அவனிடமே கேட்போம்.