மலைநாட்டாரும் முருகைக் கற்பாறைகளும்

ஊவாத் தோட்டங்களில் வாழ்வோர் பலருக்குக் கடல் என்பது விடுமுறையில் ஒரு நாள் கண்டு மீளும் காட்சி. பதுளையிலிருந்து பிபிலை, மகா ஓயா வழியே செங்கலடிக்கு இறங்கும் நெடுஞ்சாலை அவர்களை மட்டக்களப்புக் கரைக்குக் கொண்டு சேர்க்கிறது. அதற்கு வடக்கே பாசிக்குடா. இன்னும் வடக்கே, நிலாவெளிக்கு எதிரில், 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவு. நீந்தப் பழகாத மலைநாட்டார் அந்நீரில் இறங்குமுன் கடலின் குணத்தை அறிந்திருத்தல் நன்று.

அக்குணத்துக்கு மலையிலேயே அறிகுறி உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவுக்குள் வறண்ட காற்றாய் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன மணத்தை அளிப்பது இவ்வறட்சியே. மட்டக்களப்பார் இக்காற்றைக் கச்சான் என்பர். தரையிலிருந்து கடல்நோக்கி வீசுவதால் கரையோரத்து அலைகள் அடங்கும், நீரும் தெளியும். எனினும் இவ்வமைதியை நம்பிவிடலாகாது. காற்று நிரப்பிய ரியூப்பில் மிதக்கும் சிறுவனை இதே கச்சான் ஓசையின்றி ஆழ்கடற் பக்கம் தள்ளிச் செல்லும். கரையில் நிற்கும் தாய்க்கு அவன் விளையாடுவதாகவே தோன்றும்.

டிசெம்பர் விடுமுறையிலோ நிலைமை வேறு. பதுளையில் அடைமழை பெய்யும் அந்நாட்களில் வாடைக்காற்று கிழக்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். அக்காலத்தில் தென்மேற்கே ஹிக்கடுவையை நாடுவதே தக்கது.

போயா விடுமுறையில் வருவோர் இன்னொன்றையும் கருதவேண்டும். பௌர்ணமியன்று வற்றும் பெருக்கும் வழமையிலும் மிகுதி. இலங்கைக் கரையில் அவ்வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே. ஆயினும் நீர் வற்றும்போது முருகைக்கல் முழங்காலளவில் தெரிய, அதன்மேல் நடக்க ஆசை எழும். அது வெறுங் கல்லன்று. நுண்ணிய உயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய வீடு. உருண்டைப் பாறைபோன்ற வகை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே வளரும். 1998 இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது இலங்கைக் கரையின் முருகைகள் பெருமளவில் வெளிறி மடிந்தன. எஞ்சியதும் மீண்டதும் மனிதர் காலால் நொறுங்குவது பரிதாபம்.

காலுக்கும் கேடுண்டு. கல்லோடு கல்லாய்க் கிடக்கும் கல்மீனின் முள் நச்சுடையது. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூடான நீரில் காலை வைத்திருந்து, தாமதியாமல் ஆஸ்பத்திரி சேரவேண்டும். புறாத்தீவில் திரியும், துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்களோ கூச்சமுள்ளவை. அவற்றை விரட்டாதிருந்தாற் போதும். முருகையைக் கொறித்து மணலாய்க் கழிக்கும் கிளிமீன்களைக் காணக் காலை வேளையே உகந்தது. பிற்பகற் கடற்காற்று எழுந்தால் நீர் கலங்கிவிடும்.

துன்கிந்தையில் வீழும் பதுளை ஓயா மகாவலியிற் கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவை அடைகிறது. மலைச்சரிவில் மழை அரித்த மண்ணும் அவ்வழியே இறங்குகிறது. சேறு படிந்து ஒளி மறையும் இடத்தில் முருகை வாழாது. பெரிய ஆற்றுமுகங்களின் அருகே அது அரிதாவதும் இதனாலேயே.